ஏற்காட்டில் மாசிப் பறவைக் கணக்கெடுப்பு: முதன்முறை வருவோருக்கான முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி மாத நடுவில், வெள்ளி முதல் திங்கள் வரையிலான நான்கு நாள்களில், ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்’ என்னும் பறவைக் கணக்கெடுப்பு உலகெங்கும் ஒரே சமயத்தில் நடைபெறுகிறது. இந்தியா 2013 முதல் இதில் பங்கெடுத்து வருகிறது. தை முடிந்து மாசி பிறக்கும் அந்தச் சமயத்தில் சேர்வராயன் மலையில் பனி குறையத் தொடங்கியிருக்கும். இலவமும் கல்யாண முருங்கையும் இலையுதிர்த்துப் பூத்து நிற்கும். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. சேலத்துக்காரர்கள் கணக்கெடுப்பைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான நான்கு நாள்கள் ஆண்டில் இல்லை என்பது என் எண்ணம்.

முதன்முறை வருவோர் பெரும்பாலும் பறவை தெரியாததால் தடுமாறுவதில்லை. முன்னதாகச் செய்யவேண்டியதை அங்கே வந்து செய்வதாலும், அங்கே செய்யவேண்டியதை வீட்டுக்குப் போய்ச் செய்வதாலுமே தடுமாறுகிறார்கள். ஆகவே, படிகளை அவை நிகழவேண்டிய வரிசையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். ஜனவரி 14 முதல் 17 வரை நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே வரிசை பொருந்தும். குளிருக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஆடை வேண்டியிருக்கும்.

1. படம் எடுக்கவா, எண்ணவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டையும் ஒரே நடையில் செய்ய முடியாது. படம் எடுப்பவர் ஒரு பறவைக்காக அரை மணி நேரம் காத்திருப்பார். அந்த அரை மணி நேரத்தில் தலைக்கு மேல் கடந்துபோன உழவாரக் குருவிகளையும், பின்னால் கத்திய தவிட்டுக் குருவிகளையும் அவர் கவனித்திருக்கமாட்டார். கணக்கெடுப்புக்கு அந்த விடுபட்ட பறவைகளும் தேவை. கேமரா கொண்டுவருவதில் தவறில்லை. ஐயத்துக்குரிய பறவைக்குச் சான்றாக ஒரு படம் பின்னர் உதவும். ஆனால் கணக்கெடுக்கும் நேரத்தில் அது பைக்குள் இருக்கட்டும்.

அரிய பறவையைத் தேடி வருவோருக்கும் இதையே சொல்வேன். ஓர் இடத்தில் இன்று எத்தனை காக்கை, எத்தனை மைனா, எத்தனை புள்ளிப்புறா என்று ஆண்டுதோறும் ஒரே முறையில் எழுதிவைக்கும்போதுதான் ஓர் இனம் குறைகிறதா கூடுகிறதா என்பது தெரியவரும். அரிதான ஒன்றைக் கண்ட ஒற்றைச் செய்தியிலிருந்து அதை அறிய இயலாது.

2. இரண்டு வாரங்களுக்கு முன்பே காதைப் பழக்குங்கள்

காபித் தோட்டத்தில் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். சில்வர் ஓக் மரங்கள் நெடிது உயர்ந்திருக்கும். அவற்றின் மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். கீழே காபிச் செடிகள் தோள் உயரத்துக்கு அடர்ந்திருக்கும். இந்த மூன்று அடுக்குகளிலும் ஒலி கிடைக்கும், உருவம் கிடைக்காது. ஒலியால் உறுதியாக அறிந்த பறவையும் கணக்கில் சேரும் என்பதால், காது பழகாதவரின் பட்டியல் பாதியாகிவிடும்.

நூறு ஒலிகளைப் படிக்க வேண்டாம். கீழே கூறும் சிலவற்றை நாள்தோறும் பத்து நிமிடம் கேட்டு, மறுநாள் காலையில் உங்கள் தெருவிலோ மொட்டை மாடியிலோ அவற்றுள் எது கேட்கிறது என்று தேடிப் பாருங்கள். சமவெளியில் பாதியேனும் கேட்கும்.

முதலில் செங்குதச் சின்னானும் செம்மீசைச் சின்னானும். பிறகு தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், செம்போத்து, புள்ளிப்புறா. அதன் பின் இரு குக்குறுவான்கள்: செம்மார்புக் குக்குறுவானின் குரல் பாத்திரக் கடையில் செம்பைச் சீராகத் தட்டுவதுபோல் மாறாத இடைவெளியில் வரும், சின்னக் குக்குறுவானின் குரல் ஒரு நீண்ட உருட்டலில் தொடங்கி, ‘குட்ரூ, குட்ரூ’ என்று விட்டுவிட்டுத் தொடரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியதாகப் பலரும் எண்ணும் இந்தச் சின்னக் குக்குறுவான் சேர்வராயன் மலையிலும் உண்டு என்பதால், ஏற்காட்டில் குக்குறுவான் குரல் கேட்டவுடன் சமவெளிப் பழக்கத்தில் மற்றதன் பெயரை எழுதிவிடக் கூடாது.

வலசைப் பறவைகளில் இரண்டு போதும். பச்சைக் கதிர்க்குருவி மர உச்சியிலிருந்து ஈரசையில் கூர்மையாகக் கூவும். பிளித் நாணல் கதிர்க்குருவி புதருக்குள்ளிருந்து ‘டெக்’ என்று தனித்தனியாக ஒலிக்கும். இவ்விரண்டையும் அறிந்து வருபவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே குழுவுக்குப் பயன்பட்டுவிடுவார்.

3. பைனாகுலரை வீட்டிலேயே சரிசெய்யுங்கள்

எட்டுக்கு நாற்பத்திரண்டு என்னும் அளவுள்ள பைனாகுலர் போதுமானது. முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தே கால் மில்லிமீட்டர் அளவுள்ள ஒளிக்கற்றை கண்ணை வந்தடையும்; பனிமூட்டமான விடியற்காலையில் மரநிழலில் பார்க்க இது தேவைப்படும். உருப்பெருக்கம் பத்தென்றால் பறவை சற்றுப் பெரிதாகத் தெரியும், ஆனால் கை நடுக்கமும் அதே அளவில் பெருகும், காட்சிப் பரப்பும் பெரும்பாலும் சுருங்கும். புதியவர்களுக்கு அது உதவுவதில்லை.

வாங்கியபின், அல்லது இரவல் பெற்றபின், செய்யவேண்டியவை மூன்று. இரு குழல்களையும் விரித்தும் சுருக்கியும் ஒரே வட்டம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பின்பு இடக்கண்ணை மூடி, வலக்கண் குழலில் உள்ள தனி வளையத்தால் அதே பலகையைத் தெளிவாக்குங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்குவளைகளை உள்ளே தள்ளிவிட வேண்டும். மற்றவர்கள் வெளியே இழுத்துவைக்க வேண்டும். வலக்கண் வளையத்தைச் சரிசெய்யாமலேயே காலை முழுவதும் தலைவலியோடு நடப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அடுத்தது பயிற்சி. பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைப் பார்த்து, பிறகு அதைக் கண்ணில் வைத்து, மரம் முழுவதும் துழாவுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பார்வை பறவையின் மீதே நிலைத்திருக்க, பைனாகுலர் மட்டும் கண்ணுக்கும் பறவைக்கும் இடையில் எழ வேண்டும். மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டு ஆன்டெனாவில் அமர்ந்த காக்கையை வைத்து நாலைந்து மாலைகள் பழகினால் இது கைவந்துவிடும்.

4. செயலியைச் சேலத்திலேயே ஆயத்தம் செய்யுங்கள்

ஓரிடத்தில் ஒரு நேரத்தில் கண்ட, கேட்ட பறவைகளின் பெயரும் எண்ணிக்கையும் சேர்ந்ததே ஒரு பட்டியல். பட்டியல்கள் ஈ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் சேர்கின்றன. அதற்கான இலவசச் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, கணக்குத் தொடங்கி, நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பைப் பதிவிறக்கி வைத்துவிடுங்கள். தோட்டங்களுக்குள் பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. தொகுப்பு இருந்தால் இணையமின்றியே பட்டியல் எழுதலாம். இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் கடிகாரம்தான்.

நிறுவியதோடு நிறுத்திவிடாமல், ஊரிலேயே இரண்டு மூன்று பட்டியல்களை எழுதி அனுப்பிப் பாருங்கள். பட்டியலைத் தொடங்குவது, நிறுத்துவது, எண்ணைத் திருத்துவது, இடத்தைத் தேர்வது ஆகிய நான்கும் கை பழகியிருக்க வேண்டும். கணக்கெடுப்பு நாளன்று ஏரிக்கரையில் நின்றுகொண்டு கடவுச்சொல்லைத் தேடுபவருக்காகக் குழு முழுவதும் காத்திருக்க நேர்வது வழக்கமாகிவிட்டது.

ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியும் பயனுள்ளதே. ஆனால் அது சொல்வது பரிந்துரை மட்டும். அது காட்டிய பெயரை வைத்துக்கொண்டு, அந்தத் திசையில் பார்த்தோ மீண்டும் கேட்டோ நீங்களே உறுதிசெய்த பிறகுதான் எழுத வேண்டும். கரிச்சான் பிற பறவைகளின் குரலை எடுத்துக் கத்தும். செயலி அதற்கும் ஒரு பெயரைச் சொல்லும்.

ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் கட்டாயம் இருக்கட்டும். பனி ஈரத்தில் பேனா மை பரவும். மின்சேமிப்பு தீர்ந்தாலும் பென்சில் எழுதும்.

5. அனுமதி, தங்குமிடம், பயணம்

பிப்ரவரி நடுவில் சேலம் பகுதியில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.40 மணிக்கு. அதற்கு இருபது நிமிடங்கள் முன்பே பறவைகள் குரல் கொடுக்கத் தொடங்கிவிடும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலைப் பேருந்தில் ஏறி வருபவர் நடையின் சிறந்த பகுதியை இழந்துவிடுவார். எனவே முந்தைய நாள் மாலையே மலையேறி, இரவு தங்குவது நல்லது. வார இறுதியில் அறை கிடைப்பது கடினம் என்பதால் அதை முன்கூட்டியே உறுதிசெய்துவிட வேண்டும்.

சொந்த வண்டியில் இருட்டில் ஏறுவோர், மேலேறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை வழக்கத்தை நினைவில் கொள்ளுங்கள். இறங்கும்போது நீங்களே நின்று வழிவிட வேண்டியிருக்கும். குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்குச் சாலை உண்டு.

அனுமதி குறித்துப் பலரும் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். ஏரிக்கரையும் பொதுச்சாலைகளும் எல்லோருக்கும் திறந்தவை. காபித் தோட்டங்கள் தனியாருடையவை. காப்புக்காடுகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. தோட்ட உரிமையாளரிடமோ மேலாளரிடமோ ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். வனப்பகுதிக்குள் செல்வதென்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து வழியாகக் கேளுங்கள். குழுவை நடத்துபவர் கேட்டிருந்தால் போதும், ஆனால் கேட்டிருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்வது உங்கள் பொறுப்பு.

அனுமதி இருந்தாலும் தோட்டத்துக்குள் நுழையும்போது காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது முறை. “அண்ணா, குருவி எண்ண வந்திருக்கோம், முதலாளிகிட்டச் சொல்லியிருக்கோம்” என்றால், பெரும்பாலும் அவரே, “மேல போகாதீங்க தம்பி, விடியக்காலையில மாடு நின்னுச்சு” என்று சொல்லிவிடுவார். அவர் மாடு என்று சொல்வது காட்டெருமையை. ஏற்காட்டுத் தோட்டங்களில் அவை மேய்வது சாதாரணம். காபிச் செடி மறைப்பில் அவை நிற்பது பத்தடி நெருங்கும் வரை தெரியாது. எனவே இருள் பிரிவதற்கு முன் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள், எதிர்ப்பட்டால் ஓடாமல், கூச்சலிடாமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் போய்விடக் கூடாது.

உடை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: மங்கிய பச்சை அல்லது பழுப்பு, முழுக்கை, முழுக்கால், பிடிப்புள்ள காலணி, கழற்றிப் பைக்குள் வைக்கக்கூடிய ஒரு ஸ்வெட்டர். வெள்ளைச் சட்டை வேண்டாம். தண்ணீரை எவர்சில்வர் புட்டியில் கொண்டுவாருங்கள்.

6. முந்தைய இரவு: யார் எதைச் செய்வது

குழுவில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். அதிகமானால் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வழியில் செல்லுங்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு எழுத்தர் இருக்க வேண்டும். மற்றவர்கள் கண்டதையும் கேட்டதையும் அவரிடம் சொல்ல, அவர் மட்டும் பதிவு செய்வார். நடை முடிந்ததும் அந்தப் பட்டியலை அவர் செயலி வழியாக மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் அதை ஏற்று, தாம் பார்க்காத, கேட்காத பறவைகளைத் தம் படியிலிருந்து நீக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொல்லியும், ஐந்து பேர் ஐந்து தனித்தனிப் பட்டியல்களை அனுப்புவது நிற்பதில்லை. ஒரே மரத்தில் இருந்த எட்டுச் சின்னான்கள், தொடர்பற்ற ஐந்து பட்டியல்களில் ஐந்து முறை எண்ணப்பட்டவையாகிவிடும். பகிர்ந்துகொண்ட பட்டியல்கள் ஒரே நடையினுடையவை என்று தளம் அறிந்துகொள்ளும். தனித்தனியாக அனுப்பியவற்றை அவ்வாறு அறியாது.

எழுத்தராகப் பறவைகளை நன்கு அறிந்தவரை நியமிக்காதீர்கள். அவர் கண் மரத்தின் மேல் இருக்க வேண்டும். கையெழுத்து நிதானமாகவும், மறுபடி கேட்கக் கூச்சமில்லாமலும் இருப்பவரே நல்ல எழுத்தர். முதன்முறை வருபவருக்கு இது மிகச் சிறந்த இடம். எல்லாப் பெயர்களும் அவர் காதில் விழுந்து கைவழியே போகும்.

7. விடியற்காலை: முதல் பட்டியல் ஏரிக்கரையில்

தொடக்கத்தை ஏற்காடு ஏரிக்கரையில் வைத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. திறந்த வெளி என்பதால் ஒளி முதலில் அங்கே கிடைக்கும். காட்டெருமை பற்றிய அச்சமின்றித் தோட்டத்தில் வெளிச்சம் வரும்வரை காத்திருக்கவும் முடியும்.

பட்டியலைத் தொடங்கும் கணத்திலேயே செயலியில் ‘தொடங்கு’ என்பதை அழுத்துங்கள். முதல் பறவையைக் கண்ட பிறகு அல்ல. பறவை எதுவும் தென்படாத முதல் ஐந்து நிமிடங்களும் உழைப்பின் கணக்கில் சேர வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டால், குறைந்த நேரத்தில் நிறையப் பறவைகள் தெரிந்ததாகப் பொய்யான சித்திரம் உருவாகிவிடும். இந்தக் கணக்கெடுப்புக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் கவனிக்க வேண்டும்.

ஓரிடத்தில் நின்று எண்ணினால் நிலையான பட்டியல். நடந்துகொண்டே எண்ணினால் பயணப் பட்டியல். போன வழியிலேயே திரும்பினால் தூரத்தை ஒருவழிக்கு மட்டுமே குறிக்க வேண்டும். செயலி தடத்தைத் தானே அளந்து இருவழித் தூரத்தைக் காட்டியிருந்தால், அனுப்புவதற்கு முன் நீங்கள் திருத்த வேண்டும். வழியில் கண்டவற்றைத் திரும்பி வரும்போது மீண்டும் எண்ணாதீர்கள். புதிதாகத் தோன்றியவற்றை மட்டும் சேருங்கள்.

வாழிடம் மாறும் இடத்தில் பட்டியலை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். ஏரிக்கரைக்கு ஒன்று, காபித் தோட்டத்துக்கு ஒன்று, சேர்வராயன் கோயில் மேட்டுப் புல்வெளிக்கு ஒன்று என்று தனித்தனியே இருந்தால்தான் எந்தப் பறவை எங்கே இருந்தது என்பது பின்னர் படிப்பவருக்கு விளங்கும். காலை ஆறரையிலிருந்து மதியம் பன்னிரண்டரை வரை ஒரே பட்டியலாக, ஏற்காடு முழுவதையும் சுற்றி எழுதியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பட்டியலும் ஒரு மணி நேரத்துக்குள், ஓரிரு கிலோமீட்டருக்குள் அடங்கினால் நலம்.

8. எண்ணும் முறை

முதன்முறை வருவோரில் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். காக்கையை விட்டுவிடுகிறார்கள். மைனாவை விட்டுவிடுகிறார்கள். பட்டியலின் முடிவில் ‘நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா?’ என்ற பொருளில் செயலி கேட்கும்போது ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறார்கள். அந்த ‘ஆம்’ காரணமாக, அன்று அந்த இடத்தில் காக்கையே இல்லை என்று பதிவாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியை மறுமுனையில் தவறாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. ஒரு சிறு கதிர்க்குருவியின் பெயர் தெரியாமல் போய்விட்டதே, ஆகவே பட்டியல் முழுமையற்றது என்று நினைத்து ‘இல்லை’ என்று அழுத்துகிறார்கள். அது தேவையற்ற தயக்கம். அடையாளம் தெரியாமல் விடுபட்டதால் பட்டியலின் முழுமை கெடாது. அடையாளம் தெரிந்தும் வேண்டுமென்றே விட்டால்தான் கெடும். தெரியாததைப் பொதுப்பெயரில், கதிர்க்குருவி வகை என்று மட்டும், எழுதவும் செயலியில் இடமுண்டு.

எண்ணிக்கையைக் குறிக்காமல் ‘எக்ஸ்’ என்று இட்டுவிடுவது அடுத்த பழக்கம். ‘எக்ஸ்’ என்றால் பறவை இருந்தது என்பது மட்டுமே தெரியும். இரண்டா இருநூறா என்று தெரியாது. தோராய எண்ணும் ‘எக்ஸ்’ஸைவிடப் பன்மடங்கு மேலானது.

கூட்டத்தை மதிப்பிட ஒரு வழி: முதல் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்; அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; அதே அளவு எத்தனை முறை கூட்டத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். ஏரியின் மேல் சுற்றும் உழவாரக் குருவிகளுக்கு இந்த முறையோடு இன்னொன்றும் தேவை. அவை வட்டமிட்டு அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் என்பதால், கடந்து செல்பவற்றைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒரே பார்வையில் மிக அதிகமாகத் தெரிந்த எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

வெள்ளைக்கண்ணிகள் வேறு வகையில் ஏமாற்றும். ஒரு கூட்டம் மிளகுக்கொடிக்குள் புகுந்துவிட்டால் நான்கு மட்டுமே தெரியும். எண்ண முயலாமல் காத்திருங்கள். அந்த மரத்தை விட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டவெளியைக் கடக்கும். அப்போது எண்ணினால் நான்கென்று நினைத்தது பதினைந்தாக இருக்கும்.

பூத்த மரத்தின் அடியில் கால் மணி நேரம் நிற்பது, நடந்து திரிவதைவிடப் பலன் தரும். ஏரிக்கு மேலே தோட்ட வேலியோரம் நிற்கும் ஒரு கல்யாண முருங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையே இல்லாத கிளை நுனிகளில் சிவந்த பூங்கொத்துகள். கொத்தின் அடிக்காம்பில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கி, பூவின் அடியைத் துளைத்துத் தேனெடுக்கும்; சின்னான் மேலேயே அமர்ந்து பூவுக்குள் தலையை விட்டு, நெற்றியில் மகரந்தம் படிந்து நிமிரும்; ஒரு கரிச்சான், பூவை விட்டுவிட்டுப் பூவுக்கு வந்த தேனீயைப் பிடிக்கும். அங்கே கிளைகளை இடமிருந்து வலமாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் பங்குக்குரிய கிளைகளை மட்டும் எண்ணினால், ஒன்றையே இருவர் எண்ணும் குழப்பம் நேராது.

9. அடையாளத்தில் அடிக்கடி தவறும் இணைகள்

சின்னான்கள்: செம்மீசைச் சின்னானுக்குக் கொண்டை கூர்மையாக நிமிர்ந்திருக்கும், கண்ணுக்குப் பின் சிவப்புத் திட்டு, அதன் கீழ் வெள்ளைக் கன்னம். இளம்பறவைக்கு அந்தச் சிவப்பு இராது. கொண்டையையும் கன்னத்தையும் பாருங்கள். செங்குதச் சின்னான் தலை கருமையாகவும் கொண்டை குட்டையாகவும் இருக்கும். பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் வெண்மை பளிச்சிடும். இரண்டுக்குமே வாலடியில் சிவப்பு உண்டு என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

கரிச்சான்கள்: மின்கம்பியில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் கருங்கரிச்சான், வாயோரத்தில் சிறு வெண்புள்ளி இருக்கும். மரம் அடர்ந்த இடத்தில் உச்சிக்கிளையில் அமர்ந்து, கண் செக்கச் சிவந்து, உடல் சாம்பல் பாய்ந்திருந்தால் அது குளிர்காலத்தில் வரும் சாம்பல் கரிச்சான். நிழலில் இரண்டும் கருப்பாகவே தெரியும். ஒளி விழும் பக்கத்துக்கு நீங்கள் நகர்ந்து நில்லுங்கள்.

தேன்சிட்டுகள்: ஆணைக் கண்டுவிட்டால் சிக்கல் இல்லை. பெண் ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்குத் தொண்டை வெளுத்தும் வயிறு மஞ்சளாகவும் இருக்கும். பெண் ஊதாத் தேன்சிட்டுக்குத் தொண்டையிலிருந்தே மங்கிய மஞ்சள் பரவியிருக்கும். உறுதியில்லையென்றால் தேன்சிட்டு வகை என்று எழுதிவிட்டுப் போங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

10. பாறைச் சரிவில் கடைப்பிடிக்க வேண்டியவை

மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளுக்கும் அவற்றின் புதர்ச் சரிவுகளுக்கும் மட்டுமே உரிய பறவை. அழியக்கூடிய நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அதனைக் குறித்திருக்கிறது. சேர்வராயன் மலையில் அதைக் காணவேண்டும் என்பது பலருடைய ஆசை. அந்த ஆசைதான் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுக்கத் தூண்டுகிறது.

அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் போட்டிப் பறவை வந்துவிட்டதாக எண்ணி அது இரைதேடுவதை விட்டுவிட்டு அலைக்கழியும். ஒரு குழு செய்தால் ஒருமுறை. விடுமுறை நாளில் அதே வளைவில் ஐந்து குழுக்கள் செய்தால் அதன் காலைப் பொழுது முழுவதும் வீணாகும். கணக்கெடுப்பின் நோக்கிலும் அது தவறே: அழைத்து வரவழைத்த பறவையை, இயல்பாகக் காணப்பட்ட பறவையோடு ஒப்பிட முடியாது.

சாலையோரத்தில் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வளைவுகளில் நிற்காமல், புதர்ச் சரிவைப் பார்த்தபடி அமைதியாக இருபது நிமிடம் காத்திருங்கள். காய்த்த அத்தி இருந்தால் அதன் எதிரே நில்லுங்கள். தென்பட்டால் எழுதுங்கள், தென்படாவிட்டால் தென்பட்ட மற்றவற்றை எழுதுங்கள். எந்தப் பறவையாயினும் கூட்டைக் கண்டால் அதன் இடத்தையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்.

11. வெயில் ஏறியபின்

பத்தரை மணிக்கு மேல் தோட்டத்தில் குரல்கள் அடங்கிவிடும். அந்நேரம் கோயில் மேட்டில் வானத்தைப் பார்ப்பது நல்லது. வெப்பக்காற்று எழத் தொடங்கியதும் பருந்துகளும் கழுகுகளும் அதன்மேல் வட்டமிட்டு உயரும். புல்வெளியில் நெட்டைக்காலிகள் நடந்து திரியும்.

மதிய உணவுக்குப் பின் மலையிறங்கி, மாலை நான்கு மணிக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் ஒரு பட்டியல் எழுதிவிட்டு வீடு திரும்பலாம். ஒரே நாளில் மலைப்பறவைகளும் நீர்ப்பறவைகளும் கிடைக்கும் வாய்ப்பு சேலத்துக்கு உண்டு, அதை விட்டுவிடுவானேன்? ஏரிக்குள் மேற்கு வெயில் கண்ணில் அடிக்காத கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மடையான் ஆகியவற்றைக் கரையிலிருந்து பகுதி பகுதியாக எண்ணலாம். முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழும் என்பதால், ஏரிப்பரப்பை இருமுறை எண்ணி, அதிகமான எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

12. அன்றிரவே சரிபார்த்து அனுப்புங்கள்

மறுநாளைக்கு என்று தள்ளிவைத்தால் நினைவு கலங்கிவிடும். குறிப்பேட்டையும் செயலியையும் அருகருகே வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

இடம்: அந்த இடத்துக்கு ஏற்கெனவே ‘ஹாட்ஸ்பாட்’ எனப்படும் பொதுக் குறியீடு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ஆளுக்கொரு பெயரில் புதுப்புள்ளி வைத்தால் ஒரே ஏரியின் தரவு சிதறிப்போகும். ஆனால் தோட்டத்துக்குள் எழுதிய பட்டியலை, அருகில் இருக்கிறது என்பதற்காக ஏரியின் குறியீட்டில் சேர்க்காதீர்கள்.

நேரம்: காலை ஆறரை, மாலை ஆறரையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் உள்ளிடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஆந்தையல்லாத இருபது பறவைகள் இருட்டிய பின் தென்பட்டதாக வந்துசேரும் பட்டியல்கள் பெரும்பாலும் இவ்வாறு பிறந்தவை.

எண்: தேன்சிட்டு இரண்டுக்குப் பதில் இருபத்திரண்டாக விரல் தட்டியிருக்கலாம்.

கொடியிடப்பட்டவை: எதிர்பாராத பறவையோ, வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையோ இருந்தால் செயலி அதைக் குறித்துக்காட்டி விவரம் கேட்கும். ‘நன்றாகப் பார்த்தேன்’ என்பது விவரம் ஆகாது. எவ்வளவு தொலைவில், எந்த ஒளியில், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்த நிறம் எந்த உறுப்பில் இருந்தது, எந்த ஒத்த இனத்தை எதனால் விலக்கினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். படமோ ஒலிப்பதிவோ இருந்தால் இணையுங்கள். தன்னார்வமாகப் பணிபுரியும் சரிபார்ப்பாளர் ஒருவர் சில நாள்கள் கழித்து மின்னஞ்சலில் உங்களிடம் கேள்வி கேட்கக்கூடும். அதைக் குற்றச்சாட்டாக எண்ணிச் சினந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்பேட்டில் அந்த இடத்திலேயே எழுதிய வரிகளை அப்படியே அனுப்பிவையுங்கள். ஐயம் உங்களுக்கே இருந்தால், பெயரைப் பொதுவகைக்கு மாற்றிவிட்டு அவருக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள்.